அசையாம நின்னாப் படாது

ஏனுங்ணா, சித்தெ இந்தப் பைய மேல வச்சுத் தர்றீங்களா? கை நல்லாத்தான் இருக்குது. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துட்டேன், அதான் தோளு பிடிச்சுக்கிச்சு. மெதுவா வைங்ணா, பிரேக் போட்டா உருண்டுறப் போகுது. டிபன் பாக்ஸ் இல்லீங்க. பந்து.

நீங்க கோபிக்கா? நல்லதாப் போச்சு, நானும் கோபிதானுங்க. ஈரோட்டுல இருந்து ஒண்டியா உக்காந்துட்டுப் போறது பெரிய ரோதனை. இந்த டிரைவரு வேற பாட்டப் போட்டுக் காதப் பொளக்கறான்.

கிரிக்கெட் பந்தான்னு கேக்கறீங்க பாருங்க, எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. பேஸ்பாலுங்ணா. என்ற மாமனார் கல்யாணத்தன்னிக்கு மண்டபம் பூராவும் "மாப்ள வாலிபால் பிளேயரு"ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நான் திருத்தப் போகல. நம்மூர்ல பேஸ்பால்னு சொன்னா ஒரு நிமிசம் முழிப்பாங்க, அப்பறம் கில்லி மாதிரியாம்பாங்க. எதுக்கு வம்பு.

நான் பிட்சருங்க. பந்து எறியறவன். ஒரு சின்ன மண்ணு மேட்டு மேல நிப்பேன். எதுத்தாப்ல கட்டையோட ஒருத்தன் நிப்பான். அவன் பின்னால நம்மாளு ஒருத்தன் குத்த வச்சு உக்காந்திருப்பான், நாங்க எல்லாரும் போடற மாதிரி கையில தோலுறை மாட்டிட்டு. கட்டைக்காரனைத் தாண்டி நம்மாளு உறைக்குள்ள பந்து போய் விழோணும். கட்டைக்காரன் நெஞ்சுக்கும் முட்டிக்கும் நடுவுல ஒரு சன்னல் இருக்கறதா நெனச்சுக்கங்க. அதுக்குள்ள போடோணும். அதுதான் ஆட்டம். மத்த ஏழு பேரும் சும்மா வெயில்ல காயறவங்கதான்.

மொதல்ல நானும் கிரிக்கெட்தான் ஆடுனேன். காலேஜ் சேர்ந்த புதுசுல பவுலிங் போட்டா, அம்பயரு உடனே கைய நீட்டிருவாரு. முழங்கை மடங்குது, நீ போடல, எறியற, நோ பாலும்பாரு. ஒரு மேட்ச்ல எனக்குக் கோவம் வந்துருச்சு. எனக்குக் கோவம் வந்தா கொஞ்சம் வேகமா வரும். ஸ்டம்பப் புடுங்கி வீசிட்டேன். அம்பயரு தொப்பி பறந்து போச்சு. தலைல படலீங்க. தொப்பி மட்டுந்தான்.

என்னைய ஒரு மாசத்துக்கு உக்கார வச்சுட்டாங்க. ஆனா அதப் பாத்துட்டுத்தான் ராஜமாணிக்கம் மாஸ்டர் ஆளு விட்டுக் கூப்பிட்டாரு. எங்க காலேஜ் பி.டி. மாஸ்டருங்க. கோயமுத்தூர்ல அப்ப அவருதான் பேஸ்பாலக் கட்டி மேச்சுட்டிருந்தவரு. ரூமுக்குப் போனா, கதவச் சாத்தச் சொன்னாரு.

"தலையக் குறி வச்சியா, தொப்பியக் குறி வச்சியா?"

"தொப்பியத்தான் சார்."

"நெசமா?"

"நெசமா சார்."

"நாளைக்குக் காலைல பின்னால கிரவுண்டுக்கு வா. அங்க நீ எறியலாம். ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அப்பிடித்தான் நான் பிட்சரானேன். எறிஞ்சா நோ பாலுங்கற ஊர்ல, எறின்னு ஒருத்தரு சொன்னாரு. அவரு படத்த இன்னும் போன்ல வச்சிருக்கேன்.

எங்க காலேஜ் டீம்ல ஒரு பழக்கம் உண்டுங்ணா. புதுசா டீமுக்கு வர்றவன் எவனா இருந்தாலும் சரி, மொத நாளு பேட்டர் நிக்கற கட்டத்துல வெறுங்கையோட நிக்கோணும். ஹெல்மெட் கெடையாது. ஹெல்மெட் மேட்சுக்கு மட்டுந்தான், அதுவும் டீமுக்கே ரெண்டுதான் இருந்துச்சு. நான் மேட்டு மேல இருந்து போடுவேன். காதுக்குப் பக்கத்துல ஒண்ணு. மூக்குக்கு முன்னால ஒண்ணு. முட்டியத் தொட்டாப்ல ஒண்ணு. அசையாம நின்னவன் டீமுல. அசைஞ்சவன் கபடிக்குப் போயிருவான்.

மாஸ்டர் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து சொல்லுவாரு. "பந்து போற எடம் நவநீதனுக்குத் தெரியும். நீ நிக்கற எடம் உனக்குத் தெரிஞ்சாப் போதும். அசையாம நின்னாப் படாது." நவநீதன்ங்கறது நாந்தானுங்க.

காலேஜ் முடியற வரைக்கும் அப்பிடி எத்தன பேருக்குப் போட்டிருப்பேன். ஒருத்தன் மேல பட்டதில்லீங்க, அசைஞ்சவனத் தவிர. ஒருத்தனுக்கு முன்பல்லு போச்சு. ரெண்டு பேருக்கு வெரலு. இன்னொருத்தன் கொஞ்ச நேரம் மயங்கிக் கெடந்தான், தண்ணி தெளிச்சோம், எந்திரிச்சுட்டான். அதெல்லாம் என்ற கணக்குல சேராது. நீங்க அவங்களையே கேளுங்க, நாந்தான் அசைஞ்சேன்னு சொல்லுவாங்க.

அந்த மேட்டு மேல நிக்கறப்ப ஒண்ணு இருக்குதுங்ணா. எனக்குச் சின்ன வயசுல இருந்தே நெஞ்சுக்குள்ள ஒரு எரிச்சல். எங்கப்பாரு ஒரு மாதிரி ஆளு. எங்கம்மாவ பெல்ட்டுல அடிப்பாரு, நான் கதவுக்குப் பின்னால நின்னு எண்ணிட்டிருப்பேன். அந்த எரிச்சலு மேட்டு மேல ஏறுனா அடங்கிரும். எதுத்தாப்ல நிக்கறவன் எச்சி முழுங்கறது அங்கிருந்தே தெரியும். தொண்டை ஏறி எறங்கும். பொய் சொல்ல மாட்டேன், அது எனக்குப் புடிக்கும்.

எங்கப்பாரு மாதிரி நான் ஆகக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஆகவுமில்ல.

கடேசி வருசத்துக்கு முந்துன வருசம் பெரிய மேட்சு. காலேஜுக எல்லாம் ஆடி, பைனலுக்கு நாங்களும் சேலம் பக்கத்துக் காலேஜ் ஒண்ணும் வந்தோம். அந்த டீமுல கலையரசன்னு ஒரு பேட்டரு. நல்ல ஆட்டக்காரன், நான் மறைக்க மாட்டேன். ஆனா திமுரு புடிச்சவன். கட்டத்து ஓரத்துக்கே வந்து, என்ற சன்னலுக்குள்ளயே முழங்கைய நீட்டிட்டு நிப்பான். ரெண்டு பந்த வேலிக்கு அந்தப் பக்கம் அடிச்சுட்டான். அடிச்சுட்டு என்னையப் பாத்துச் சிரிச்சான்.

மறுக்கா அவன் வந்து நின்னப்ப, மாஸ்டர் எந்திரிச்சு என்றகிட்ட வந்தாரு. பந்த வாங்கித் தொடைல தேச்சுக் குடுத்தாரு. "அவனக் கொஞ்சம் பின்னால அனுப்பு கண்ணு"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல.

தாடைக்கு முன்னால போட்டேன். அவன் பின்னால சாஞ்சிருக்கோணும். இல்லாட்டி அசையாம நின்னிருக்கோணும். அவன் முன்னால குனிஞ்சான். எதுக்குக் குனிஞ்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. சத்தம் எப்பிடி இருந்துச்சு தெரியுங்களா? பேட்டுல பட்ட மாதிரியே இருந்துச்சு. அடிச்சுட்டான்னு நெனச்சு நான் மேல அண்ணாந்து பந்தத் தேடறேன். எங்காளுக எல்லாரும் அண்ணாந்துதான் பாத்தாங்க. கீழ பாத்தா அவன் மண்டி போட்டு உக்காந்திருக்கான். மூஞ்சியப் பொத்திருக்கற வெரலுக்கு நடுவுல ரத்தம் கொட்டுது. கண்ணுக்குக் கீழ எலும்பு உள்ளுக்கு அழுந்திப் போயிருச்சு. அவனால கத்தக்கூட முடியல. ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டான்.

தூக்கிட்டுப் போனதுக்கப்பறம் மாஸ்டர் மண்ணள்ளிப் போட்டு அந்த எடத்த மூடச் சொன்னாரு. அடுத்த பேட்டர் வந்தான். கட்டத்துல பின்னால கடேசில போய் நின்னான். மூணே பந்துல அவுட்டு. கப்பு நம்முளுதுங்க.

மறுநாளு ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். எனக்கு ஒண்ணும் கட்டாயமில்ல, மனுசத்தன்மைன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க. அவங்கம்மா வார்டு வாசல்லயே பைய வாங்கி, ஒவ்வொண்ணா எடுத்து என்ற மேல எறிஞ்சாங்க. ஒண்ணுகூட எம்மேல படல. கொஞ்ச தூரத்துல இருந்துதான் எறியறாங்க. குறியே கெடையாதுங்க.

கண்ணா? ஒண்ணு போயிருச்சு. இன்னொண்ணு நல்லாத்தான் தெரியுதாம். இப்ப சேலத்துல செல்போன் கடை வச்சிருக்கானாம், ரெண்டு பேரு வேலைக்கு நிக்கறாங்களாம். என்னையப் பாருங்க, பஸ்ஸுல தொங்கிட்டுப் போறேன்.

எனக்கு மட்டும் நல்லதா நடந்துச்சுங்கறீங்க? கடேசி வருசம் தோளுக்குள்ள ஒரு நமநமப்பு. ஐஸ் வச்சுக் கட்டிட்டு ஆடுனேன். காலேஜ் முடிஞ்சதும் ஒரு அரசாங்கக் கம்பெனில ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வரச் சொன்னாங்க. மாஸ்டரே ரயிலேத்தி விட்டாரு. அங்க போயி மொத பந்து போடறேன், தோளுக்குள்ள துணி கிழியற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. பந்து நேரா செலக்டருக உக்காந்திருந்த பந்தலுக்குள்ள போயி தண்ணிக் கேன ஒடச்சுருச்சு. ஒரு பெரியவரு மடியெல்லாம் தண்ணி. அன்னிக்குக் காத்து அப்பிடிங்க. பந்து இழுத்துட்டுப் போயிருச்சு. அவங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியுது. அடுத்தாளக் கூப்பிட்டுட்டாங்க.

டாக்டரு ஆப்பரேசன்னாரு. செஞ்சாலும் பழையபடி வராதுன்னாரு. வராததுக்கு எதுக்குங்க செஞ்சுக்கிட்டு? குறி கையில இல்லீங்ணா. இங்க, மண்டைக்குள்ள இருக்குது. அது எங்கயும் போகாது.

அப்பறம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்தேன். பசங்க பேசிட்டே இருந்தா சாக்பீஸ்ல இருந்து டஸ்டர் வரைக்கும் காதோரமா ஒண்ணு விடுவேன். கிளாஸே கப்புனு அடங்கிரும். அடிக்கற வாத்தியாருன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. ஒருநா ஒரு பையன் திரும்பிட்டான். காது கிழிஞ்சுருச்சு. அவங்கப்பன் கட்சிக்காரன். அன்னிக்குச் சாயந்தரமே என்னைய அனுப்பிட்டாங்க.

இப்ப தேங்கா மண்டில நிக்கறேன். பெருந்துறை ரோட்டுல. லாரிக்குத் தேங்கா ஏத்தறதப் பாத்திருக்கீங்களா? கீழ நிக்கறவன் ரெண்டு ரெண்டா வீசுவான், மேல நிக்கறவன் புடிச்சு அடுக்குவான். பீடி குடிச்சுட்டே, ஊர்க்கதை பேசிட்டே வீசுவாங்க. ஒண்ணு தப்பாது. நான் ஓரமா நின்னு பாத்துக்கோணும். அதான் எனக்குச் சம்பளம். பிட்சரு, நின்னு பாத்துக்கறேன்.

இப்ப எங்க போறேன்னு கேட்டீங்கல்ல. கோபில மகளிர் ஸ்டேசனுக்கு. என்ற சம்சாரம் மேகலா எழுதிக் குடுத்திருக்கா. நான் அடிச்சேன்னு.

அடிச்சேனாம். கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு வெரலு அவ மேல வச்சதில்லீங்ணா. எங்க தெருவுல வந்து கேளுங்க. பக்கத்து வீட்டுக்காரன் குடிச்சுட்டு வந்து பொண்டாட்டிய நடு ரோட்டுல முடியப் புடிச்சு இழுப்பான். நாந்தான் போயி வெலக்கி விடுவேன். பொம்பளைய அடிக்கறவன் ஆம்பளையாடான்னு கேட்டிருக்கேன்.

நான் எறிவேன். அது வேற. வித்தியாசம் இருக்குதுல்லீங்க.

கல்யாணமான புதுசுல வீட்டுக்கு ஒறம்பரை வந்திருந்தாங்க. பைனல் கப்ப எடுத்துக் காட்டுனேன். மேகலா சிரிச்சுட்டே, "இதுல ரெண்டு பேருக்கு ரசம் வைக்கலாமுங்க"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன். அவங்களப் பஸ்ஸேத்தி விட்டுட்டு வந்து, டம்ளர எடுத்து விட்டேன். காதுத் தோடு ஆடுச்சு, அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால செவுத்துல சொட்டை விழுந்துச்சு. அவ கத்திட்டு ஓடுனா. உக்கார வச்சுப் பொறுமையாச் சொன்னேன். "இங்க பாரு, நான் உன்னைய அடிக்க மாட்டேன். எப்பவும் மாட்டேன். பந்து போற எடம் எனக்குத் தெரியும். நீ அசையாம நின்னாப் படாது." மாஸ்டர் புதுப் பசங்களுக்குச் சொன்னத அப்பிடியே சொன்னேன்.

ரெண்டு மூணு மாசத்துல நல்லாக் கத்துக்கிட்டா. நான் கையில எதையாவது எடுத்தாப் போதும், அடுப்புல என்ன கொதிச்சாலும் சரி, அப்பிடியே செவுத்தோட சாஞ்சு நின்னுக்குவா. கண்ணக்கூடச் சிமிட்ட மாட்டா. எங்க டீமுல இருந்திருந்தா மொத நாளே எடுத்திருப்பாரு மாஸ்டரு. நெசமாச் சொல்றேன், எனக்கு அவ மேல மரியாதையே வந்துச்சு.

செவுத்துச் சொட்டை தெரியாம இருக்கறதுக்கு முருகன் காலண்டர் ஒண்ணு மாட்டுனா. அப்பறம் காலண்டரு பத்தலைன்னு பெரிய சீனரிப் படம் ஒண்ணு வாங்கி மாட்டுனா, அருவி, மானு எல்லாம் இருக்கும். அதுக்கப்பறம் பழைய போர்வைய ஆணியடிச்சுத் தொங்க விட்டுட்டா. வீட்டு ஓனரு கேட்டா ஓதம் அடிக்குதும்பா.

டம்ளரு பந்து மாதிரி நேரா போகாதுங்ணா. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் ஓட்டை. அது இழுத்துட்டுப் போனா நான் என்ன பண்றது? அவ நெத்தில ஒருக்காப் பட்டுச்சு. அதுகூட செவுத்துல மோதித் திரும்பி வந்து பட்டது. அது சேராது.

எம்பொண்ணு இருக்காளே, மிருதுளா. அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். வர்ற வருசம் ஸ்கூலு சேக்கோணும். என்ற உசுருங்ணா அவ. மண்டில இருந்து வந்தா கதவுகிட்டயே நிப்பா, லுங்கியப் புடிச்சுட்டு உள்ள வருவா. அவளுக்குன்னு தெனமும் ஒரு எளநிக் காய் கொண்டாருவேன். வழுக்கைய நானே சொரண்டி ஊட்டி விடுவேன்.

போன மாசம் ஒருநா மண்டில, லாரி மேல நின்ன ஒருத்தன், "ஏனுங் சார், நீங்க பெரிய பந்தாட்டக்காரருங்கறாங்க, ஒண்ணு வீசுங்க பாக்கலாம்"னான். எல்லாரும் வேலைய நிறுத்திட்டுப் பாத்தாங்க. வீசுனேன். லாரிக்கே போகலீங்க. பாதில டயரு பக்கத்துல விழுந்து உருண்டுச்சு. சிரிச்சாங்க. முதலாளியும் கல்லாவுல இருந்து சிரிச்சாரு. நாரு ஈரமா இருந்துச்சுங்ணா. வழுக்கிருச்சு.

வீட்டுக்கு வர்றேன். அன்னிக்கு எளநியும் கொண்டாரல. உள்ள வந்தா, என்ற தோலுறை தரைல கெடக்குது. பைனல்ல போட்டிருந்தது. பீரோ மேல துணி சுத்தி வச்சிருந்தேன். அம்மிணி அதுக்குள்ள பொம்மையப் படுக்க வச்சு, பாலு ஊத்தி ஊட்டிட்டிருக்கா. பாலு தோலுக்குள்ள எறங்கி நாறுது. "யாரு எடுத்துக் குடுத்தது?"ன்னேன். மேகலா அடுப்படியில இருந்து வந்து, "அழுதாளுங்க, நாந்தான் எடுத்துக் குடுத்தேன்"னா. "சும்மாதான கெடக்குது"ன்னா.

சும்மாதான கெடக்குதாம்.

இஞ்சி இடிக்கற சின்ன உலக்கை இருக்கும் பாருங்க, பித்தளைல. அது கைக்கு வந்துச்சு. எடுத்தேன். மேகலா போர்வைக்கு முன்னால போயி நின்னுட்டா. அசையல. அவளக் குத்தஞ் சொல்ல மாட்டேன், அவ சரியாத்தான் நின்னா. விட்டேன். கீழ உக்காந்திருந்த புள்ள, அம்மான்னு ஓடி வந்து அவ கால் பக்கமாக் குறுக்க விழுந்துருச்சு.

உலக்கை கொஞ்சம் கீழ எறங்கிருச்சுங்க. அது கனம்.

தாடைல. அந்தச் சத்தம் எனக்குத் தெரிஞ்ச சத்தந்தான். இந்தத் தடவ நான் மேல அண்ணாந்து பாக்கல. புள்ளையத் தூக்குனேன், வாயில இருந்து ரத்தமும் பாலும் சேந்து என்ற சட்டைல ஒழுகுச்சு. ரெண்டு பாலுப்பல்லு என்ற உள்ளங்கைல விழுந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வண்டில போறப்ப நான் அழுதேனுங்ணா. மேகலா அழுகல. அவ புள்ளைய என்றகிட்ட இருந்து வாங்கி அணைச்சுட்டு, என்னையவே பாத்துட்டு வந்தா.

எனக்கு என்ன வருத்தம்னா, புள்ளைக்கு நான் சொல்லித் தரல. அவ அம்மாவுக்கு அத்தன பொறுமையாச் சொல்லித் தந்தேன். புள்ளதானன்னு விட்டுட்டேன். அதுதான் உறுத்துது.

ஆஸ்பத்திரில டாக்டரம்மா எப்பிடி ஆச்சுன்னு கேட்டாங்க. வழக்கமா மேகலா விழுந்துட்டேன், கதவு இடிச்சுருச்சுன்னு சொல்லுவா. அன்னிக்கு என்னைய நேராப் பாத்துட்டே, "இவரு அடிச்சாருங்க"ன்னுட்டா. அடிச்சாருங்கற வார்த்தை அவ வாயில எப்பிடி வந்துச்சு? அங்கிருந்தே புள்ளையக் கூட்டிட்டு அவங்கப்பன் வீட்டுக்கு, கோபிக்குப் போயிட்டா. ஸ்டேசன்லயும் எழுதிக் குடுத்துட்டா.

போன வாரம் மொதத் தடவ கூப்பிட்டாங்க. இன்ஸ்பெக்டரம்மா நல்ல மாதிரிதான். தண்ணி குடுக்கச் சொன்னாங்க.

"அடிச்சீங்களா, இல்லையா?"

"அடிக்கலீங் மேடம்."

"அப்ப கொழந்தைக்குத் தாடை எப்பிடி ஒடஞ்சுது?"

"அசைஞ்சுருச்சுங் மேடம்."

அந்தம்மா பேனாவ மேசை மேல வச்சுட்டாங்க. அவங்களுக்கு ஆட்டம் தெரியாது, பாவம். இன்னிக்கு முடிவாச் சொல்றாங்களாம். கேசு போட்டு என்னைய உள்ள வைக்கறதா, இல்ல பேசி அனுப்பறதான்னு. என்னைய உள்ள வச்சாக்கூடப் பரவால்லீங்ணா. புள்ளைய நான் பாக்கவே கூடாதுன்னு எழுதி வாங்கிட்டா? அவ இல்லாம வீட்டுக்குள்ள நிக்க முடியல. பாலு நாத்தம் அடிக்கற அந்தத் தோலுறையத்தான் தலைமாட்டுல வச்சுட்டுப் படுத்துக்கறேன்.

அன்னிக்கு ஸ்டேசன்ல இருந்து வர்றப்ப மாமனார் வீட்டுத் தெரு வழியாத்தான் வந்தேன். உள்ள போகல. வேப்பமரத்தடியில நின்னேன். அம்மிணி வாசல்ல தனியா வெளையாடிட்டிருந்தா. தாடைல கம்பி வச்சுக் கட்டியிருக்குது, கன்னமெல்லாம் வீக்கம். கஞ்சியும் பாலுந்தானாம், பேச்சும் இல்லையாம். "அம்மிணி"ன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா. ஓடி வருவான்னு நெனச்சேன். சரி, பயந்திருக்கா, டாட்டா காட்டலாம்னு எடது கையத் தூக்குனேன்.

என்ன செஞ்சா தெரியுங்களா?

பொம்மையக் கீழ வச்சா. பின்னாலயே போயி செவுத்தோட முதுக ஒட்டி நின்னா. ரெண்டு கையும் ஒடம்போட. கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. அசையல. ஒரு இமை அசையலீங்ணா. நான் கையத் தூக்குனபடியே நின்னு பாக்கறேன், அவளும் நிக்கறா. ஈ ஒண்ணு அவ கட்டு மேல உக்காந்து எந்திரிச்சு உக்காருது, அதக்கூட வெரட்டல. கீழ அவ காலடில மட்டும் மண்ணு நனைஞ்சுச்சு. சின்னப் புள்ளதான, அது போகப்போகச் சரியாயிரும். நான் தெருமுனை திரும்பிப் பாக்கற வரைக்கும் அப்பிடியே நின்னா.

யாருமே சொல்லித் தரல பாருங்க. மேகலாவுக்கே ரெண்டு மூணு மாசம் ஆச்சு. காலேஜுப் பசங்க, தடிமாடு மாதிரி இருப்பானுக, அவனுகளே கபடிக்கு ஓடிருக்கானுக. இவ அங்குலம் நகரல. ஊரு போயிச் சேர்ற வரைக்கும் எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. என்ற ரத்தமுங்ணா. சந்தோசத்துல நெஞ்சு வெடிச்சுரும் போல இருந்துச்சு.

அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. வாயில சொன்னா அந்தம்மாவுக்குப் புரியாது. செஞ்சு காட்டோணும். ஸ்டேசனுக்குப் பின்னால பெரிய காம்பவுண்டு செவுரு ஒண்ணு இருக்குது, போன வாரமே பாத்து வச்சுட்டேன். மேகலா புள்ளையக் கூட்டிட்டுத்தான் வருவா. அம்மிணிய அந்தச் செவுத்தோட நிக்கச் சொல்லுங்க மேடம், நான் ஒரே ஒரு பந்து போடறேன், பட்டுச்சுன்னா நீங்க என்னைய என்ன வேணாலும் பண்ணிக்கங்கன்னு சொல்லப் போறேன். அவ நிப்பா. அவ நின்னா அவங்களுக்கே தெரிஞ்சுரும், யாரு மேல தப்புன்னு.

பந்து தொட்டு வருசக் கணக்காச்சுதான். அதனால என்ன? குறி எங்கயும் போகாதுன்னு சொன்னனே.

ஏனுங்ணா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? பஸ்ஸு ஒத்துக்கலையா? சன்னலத் தெறந்து விட்டுக்கங்க. யாருக்குப் போன் போடறீங்க? ஓ, வீட்டுக்குங்களா. பேசுங்க, பேசுங்க.

கோபி வந்துருச்சு பாருங்க. பேசிட்டே வந்தா தூரமே தெரியல. நல்லதுங்ணா, சித்தெ அந்தப் பைய எறக்கிக் குடுங்க. ஆமாங்க, எனக்கு எட்டல. கை தோளுக்கு மேல எந்திரிக்க மாட்டீங்குது.